பேர் எழுதிட்டா போய்ப் பார்க்கணும்

பாளையங்கோட்டை வாசகி:

என் கிறிஸ்தவத் தோழியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தையல் மெஷின் இழுப்பறையில் பாபின், ஊசிப் பொட்டலம், சாக்பீஸ் துண்டுகளோடு கிடக்கும். ஜெபக் குறிப்பு நோட்டு என்பாள். இடது பக்கத்தில் ஆட்களின் பேர், வலது பக்கத்தில் ஒரு வேலை. "மூணாம் வீட்டு ஆச்சி – கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும்." "பால்காரர் மகள் – காலேஜ் ஃபீஸ், கேட்டுப் பார்க்க." "முக்கு டீக்கடை அண்ணாச்சி – சும்மா போய்ப் பேச."

ஜெப நோட்டில் வேலை எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்டேன். "பசியோட நிக்கவன்ட்ட போய், சமாதானமாப் போ, வயிறு நிறையட்டும்னு சொல்லிட்டு வந்தா அது என்ன பிரயோஜனம்ட்டி? பைபிள்ல யாக்கோபு அதத்தான் கேக்காரு. பேர் எழுதிட்டா அந்த வாரம் போய்ப் பார்க்கணும்" என்றாள். அவள் பேச்சில் நான் கேட்ட பிரசங்கம் என்றால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

2014இல் கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். ஏழு வீடு உள்ள வளவு, எல்லாருக்கும் ஒரே குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் வரும் என்பதுகூட எனக்குத் தெரியாது. வந்த மறுநாள் எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு குடம் நிறையத் தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. யார் வைத்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "புது இடத்துல தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டாள். தண்ணீரைப் பற்றி அவளும் பேசவில்லை, எனக்கும் பேச வாய் வரவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சங்கடம் இருந்ததையும் சொல்லவேண்டும். நாங்கள் சாமி கும்பிடுகிற குடும்பம். முதல் தீபாவளிக்குப் படையல் போட்டுவிட்டு அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டாள், ஆனால் முகத்தில் ஏதோ தயக்கம். அன்று சாயங்காலமே என்னைத் தேடி வந்து நேராகச் சொல்லிவிட்டாள்: "மனசுல வச்சுக்கிட்டுப் பழகக் கூடாதுல்லா, அதான் சொல்லுதேன். சாமிக்குப் படைச்சது எனக்கு மனசு ஒப்பலட்டி. நீ சுட்ட அதிரசம் எனக்கு வேணும். அடுத்த வருசம் படைக்கதுக்கு முன்னாலயே எனக்கு எடுத்து வச்சிரு."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என் சாமிக்கு வைத்ததில் என்ன குறை என்று இரண்டு நாள் மனத்தாங்கல். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு, நான் போனபின் வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்திருக்கலாம். பல பேர் அப்படித்தான் செய்வார்கள். இவள் என்னிடம் உண்மையைச் சொல்லி, என் கையால் செய்ததும் வேண்டும் என்றாள். அடுத்த வருடத்திலிருந்து முதல் ஈடு அதிரசம் அவள் தூக்குவாளிக்குத்தான் போகிறது. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டிலிருந்து கேக் வரும். அவர்கள் கோயிலில் (சர்ச்சில்) எல்லாருக்கும் விருந்து போடும் அசனத்தன்று எனக்குத் தனியாகச் சோறும் சாம்பாரும் எடுத்து வருவாள். எனக்குக் கறி ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

என் அப்பா தவறிய வருடம் வீட்டில் தீபாவளி இல்லை. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பிறர்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொந்தக்காரர்கள் தூரத்தில். அன்று காலை அவள் முறுக்குப் பிழிந்து, அதிரசம் சுட்டுக் கொண்டுவந்து என் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். அவளுக்கு அதிரசம் சரியாக வராது, ஓரமெல்லாம் பிய்ந்துபோயிருந்தது. தீபாவளி அவள் பண்டிகை இல்லை. எங்கள் வழக்கத்தை யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். என் அம்மா அதில் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருவாள். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கேட்காமல் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஒரு நிமிடம், தணிந்த குரலில். கண்ணைத் திறந்ததும் அடுத்த கேள்வி, "ஆட்டோவுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் இருக்கும்.

ஒருநாள் காய்கறி வாங்கிவிட்டு வரும் வழியில் பாப்பாத்தி அம்மாள் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். குளோரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை கிறிஸ்தவராகிக் கட்டிய கோயில், 1785இல் முடிந்தது. அந்தக் காலத்தில் அந்த அம்மாள் ஒரு கிணறும் வெட்டிவைத்தார் என்று பாளையங்கோட்டையில் சொல்வார்கள். "எனக்கு இந்தக் கோயிலவிட அந்தக் கிணறுதான்ட்டி பெருசாத் தோணுது" என்றாள். வாசலில் மூடி வைத்திருந்த இரண்டு குடம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

எல்லாம் அவளுக்கு லேசாக வந்துவிடுவதில்லை. நோட்டில் ஒரு பேருக்கு நேராக மட்டும் பல மாதம் ஒன்றும் எழுதாமல் கிடந்தது. அவள் அம்மாவிடமிருந்து வீட்டடியை எழுதி வாங்கி ஏமாற்றிய சொந்தக்காரர் அவர். "பேரை எழுதிட்டேன், போகத்தான் காலு வரமாட்டேங்கு" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் ஒன்றில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவள் பழத்தை வைத்துவிட்டு, பிளாஸ்க்கில் வெந்நீர் இல்லாததைப் பார்த்துக் கீழே போய் வாங்கி ஊற்றி வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பிற்பாடு மனம் மாறினார் என்றெல்லாம் எதுவும் இல்லை, இடமும் திரும்பி வரவில்லை. நோட்டில் "போய்ப் பார்த்தாச்சு" என்று எழுதியிருந்தாள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வந்ததில், ஆற்றை ஒட்டித் தாழ்வான இடத்தில் இருந்த என் அம்மா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்கம்பக்கத்துப் பையன்கள் அம்மாவையும் அந்தத் தெருக்காரர்களையும் கயிறு பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் வளவு மேடு என்பதால் தப்பித்தது. அம்மாவோடு பதினோரு பேர் வந்து நின்றார்கள். என் வீடு ஒரு அறையும் அடுப்படியும்தான். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அவள் தன் மெஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தரையைத் துடைத்துப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தகர டப்பா இருக்கும். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை அதில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பாள். பிடி அரிசி. அன்று ராத்திரி அந்த டப்பாவைக் கவிழ்த்துத்தான் கஞ்சி வைத்தாள். "கோயிலுக்கு எடுத்து வச்சதாச்சே" என்றேன். "சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகுது, நீ தேங்காயத் துருவு" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு எடுத்திருந்த புடவையை என் அம்மாவுக்கு உடுத்திவிட்டாள். விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புடவை. அம்மா ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தபடியால் எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை. எட்டாவது நாள் கிறிஸ்துமஸ். எங்கள் பக்கம் விடியுமுன்னேயே ஆராதனை. முதல் மணி அடிக்கும்போது குடையோடு வாசலைக் கடந்து போனாள், போன வருடத்துப் புடவையில். புதுப்புடவை கட்டிய என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அவள் தெரு முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சுமார் 800 பயணிகள். பக்கத்திலிருக்கும் புதுக்குடி ஊர்க்காரர்கள், தாங்களே வெள்ளத்தில் தவித்த நேரத்தில், தங்கள் சாமி கோயிலில் சோறு பொங்கிப் போட்டார்கள். இதை அவளிடம் சொன்னபோது அவள் கண் நிறைந்துவிட்டது. "நல்ல சமாரியன் கதையில அடிபட்டுக் கெடந்தவனுக்கு உதவி செஞ்சவன் யாரு? நம்ம ஆளு இல்லன்னு ஒதுக்கி வச்சிருந்த சாதிக்காரன். இயேசு சாமி அவனத்தான காட்டி, நீயும் இப்படிச் செய்யின்னாரு" என்றாள். தன் மதத்தை இத்தனை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, அடுத்தவர் நன்மையை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொள்வதை அவளிடம்தான் பார்த்தேன்.

வேலூர் உறுப்பினர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் பள்ளித் தோழனைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. ஆட்டோ ஓட்டுகிறான். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய எங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வருகிறார்கள். காட்பாடியில் இறங்கும்போதே அவர்கள் முகத்தில் பயம் தெரியும். பாஷை தெரியாது, எங்கே தங்குவது, யாரை நம்புவது என்று தெரியாது.

என் தோழன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். சவாரி இல்லாத நேரங்களில் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து பெங்காலி கற்றுக்கொண்டான். முதலில் கற்றது, "கீ ஹொயேச்சே?" என்ன ஆச்சு என்று அர்த்தம். தொழிலுக்கு உதவும் என்றுதான் கற்கிறான் என்று நான் நினைத்தேன். ஒருநாள் ராத்திரி அவனோடு போனபோதுதான் புரிந்தது. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், கணவனோ மகனோ உள்ளே இருக்கும் மற்ற குடும்பங்களைப் போல, ரோட்டோரத்தில் கையில் ஒரு சீட்டோடு நின்றார். இவன் வண்டியை ஓரம்கட்டி, அந்தச் சீட்டிலிருந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து, வாங்கிக் கொடுத்து, மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பில்லைக் காட்டி, மீதிச் சில்லறையை எண்ணி அவர் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டுவிட்டான்.

"ஏண்டா இவ்ளோ நேரம் செலவு பண்ற?" என்றேன். "எங்கம்மா செத்தப்போ நான் சென்னை ஆஸ்பத்திரில இப்படித்தான் நின்னேன். ஒருத்தரும் நிக்கல. கர்த்தர்கிட்ட அப்போ கோபப்பட்டேன். இப்போ யாராச்சும் நின்னா வண்டி தானா நின்னுடுது" என்றான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். ஆராதனை முடிந்ததும் நேரே ஸ்டாண்டுக்கு.

சென்னை, விடுதித் தோழி:

என்னுடையது சின்ன விஷயம். என் அறைத்தோழி நாகர்கோவில்காரி. லெந்து நாற்பது நாளும் டீ குடிப்பதை விட்டுவிட்டாள். ஏதோ விரதம் என்று நானும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு டீ, 12 ரூபாய் வீதம் 24 ரூபாயைத் தினமும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டே வந்தாள். 960 ரூபாய் சேர்ந்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வாட்ச்மேன் தாத்தாவைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனாள். அவர் விருந்தினர் நோட்டில் பேரைப் படிக்கமுடியாமல், வருகிறவர்களையே சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்வார். நான் ஆறு மாதமாக அதைப் பார்த்தும், காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். கண்ணில்தான் கோளாறு என்று அவள் கவனித்திருக்கிறாள். விடுதியில் வேறு யாருக்கும் சொல்லாதே என்றாள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாதாம். பேர் சொல்லாமல் எழுதியிருப்பதால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

பாளையங்கோட்டை வாசகி:

வேலூர்த் தம்பி, உங்கள் நண்பர் பொத்தான் போட்டுவிட்ட இடத்தை என் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாயா என்று சந்தேகமாகக் கேட்டாள், பேச்சை மாற்றிவிட்டேன். அந்தத் தம்பி பேரைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள், நோட்டில் எழுத. பேரை இங்கே போடவேண்டாம், "வேலூர் ஆட்டோ தம்பி" என்றே எழுதச் சொல்லிவிட்டேன். நேராக என்ன வேலை எழுதுவாய், வேலூர் என்ன பக்கத்திலா இருக்கிறது என்று கேட்டதற்கு யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

மூணாம் வீட்டு ஆச்சிக்குப் புதன்கிழமை கண் ஆபரேஷன் நடந்தது. மூன்று வேளையும் சொட்டு மருந்து விடவேண்டும். காலையில் அவள், மத்தியானம் நான். மணி ஒன்றாகிவிட்டது, போய்விட்டு வருகிறேன்.