தந்தையும் மகனும் மோதும் கதைகள் தெரிந்தால் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். படைப்பெழுத்து வகுப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். பல நாட்டுக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருவை எடுத்து, அதை வைத்துப் புதிதாக ஒரு சிறுகதை எழுத வேண்டும். காதலையும் பழிவாங்கலையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது, தந்தையும் மகனும் எதிரெதிரே ஆயுதத்தோடு நிற்பது.

பாரசீகக் காவியமான ஷாநாமாவில் ருஸ்தம் மகன் சொஹ்ராபைக் குத்திச் சாய்த்த பிறகுதான், கையில் கட்டியிருந்த அடையாளத்தைப் பார்த்து அவன் யார் என்று அறிகிறான். அயர்லாந்தில் கூகுலின், கொன்லா கதையும் ஏறக்குறைய இதேதான். பழைய ஜெர்மன் பாட்டில் ஹில்டபிராண்டுக்கு மகனைத் தெரிகிறது, மகன்தான் நம்ப மறுக்கிறான். அந்த 9-ஆம் நூற்றாண்டுச் சுவடி சண்டை நடுவிலேயே நின்றுவிடுகிறது! (எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.) நம் மகாபாரதத்திலோ அர்ஜுனனும் பப்ருவாகனனும் தெரிந்தேதான் மோதுகிறார்கள். விழுவது தந்தை. அப்புறம் அர்ஜுனனின் இன்னொரு மனைவியான நாக இளவரசி உலூபி நாகமணியால் அவனை எழுப்புகிறாள்.

எனக்கு வேண்டியது இதுதான்: ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியப் பக்கம் இப்படி ஏதாவது கதை உண்டா? தாயும் மகளும் மோதுவதாக எங்கேயாவது வருகிறதா? தேடியதில் ஒன்றும் சிக்கவில்லை. பப்ருவாகனன் கதையைக் கூத்திலோ பாட்டிலோ கேட்டவர்கள், உங்கள் ஊரில் முடிவை எப்படிச் சொல்வார்கள் என்றும் எழுதுங்கள். சினிமாப் பெயர்கள் வேண்டாம், அது நிறையவே இருக்கிறது. அடுத்த வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும்.