புதுப்பிப்பு: உன்னிச்சை வாடியின் 12 வோல்ட் விளக்குகள்

மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் மாமாவின் வயல் வாடிக்கு (குடிலுக்கு) மின்சாரம் வரவில்லை, சோலார் பற்றரியில் கட்டிய எல்இடி நாடா சீக்கிரமே மங்குகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

நாடாவில் மூன்று மூன்று எல்இடியாகத் தொடர் இணைப்பு. பற்றரியின் 12 வோல்ட்டில் அவற்றுக்கு ஏறக்குறைய 9.6 வோல்ட் போக, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைக்கு (ரெசிஸ்டர்) மிஞ்சுவது 2.4. நல்ல வெயிலில் சார்ஜ் ஏறும்போது பற்றரி 14.4 வோல்ட்டைத் தொடும். அப்போது மின்தடையில் விழுவது இரட்டிப்பாகும், மின்னோட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளறை இருட்டு என்று மாமி பகலிலும் விளக்கை அணைப்பதில்லை. நாடா பொசுங்காமல் என்ன செய்யும்?

இப்போது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும், உள்ளேயே மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் 5 வாட் பல்புகள் மூன்று. ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 வாட்-மணி. 40 ஆம்பியர்-மணி பற்றரியில் பாதியைத்தான் தொடலாம், அது 240 வாட்-மணி. ஆக, மாரியில் மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் வெளிச்சம் இருக்கும். யானை வரும் காலத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டோம், சும்மா இருந்தே பற்றரியைக் குடித்தது. அப்புறம், வாசல் பல்புக்குப் போகும் நீள வயரைத் தடிப்பானதாக மாற்ற வேண்டும், 12 வோல்ட்டில் இழப்பு அதிகம்.