ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் ‘ஆல்தோ’, ‘சின்ஸ்’, ‘பிகாஸ்’ வரும் இடமெல்லாம் திருத்தம்: எங்கே பிசகு?

கேள்வி

வணக்கம். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வரைவு திருத்தங்களோடு திரும்பி வந்திருக்கிறது. ஆய்வைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. குறிகள் எல்லாம் வாக்கிய அமைப்பில்தான், அதுவும் பெரும்பாலும் அட்வெர்பியல் கிளாஸ், அதாவது வினையடையாக வரும் துணை வாக்கியம் இருக்கும் இடங்களில். மாதிரிக்கு ஐந்து:

1. ‘ஆல்தோ தி சாம்பிள் வாஸ் ஸ்மால், பட் தி ட்ரெண்ட் வாஸ் கிளியர்.’ இதில் ‘பட்’ அடிக்கப்பட்டிருக்கிறது.

2. ‘வீ யூஸ்டு எத்தனால். பிகாஸ் இட் எவாபரேட்ஸ் குயிக்லி.’ இரண்டாவது முழு வாக்கியம் அல்ல என்று குறிப்பு.

3. ‘சின்ஸ் தி வால்வ் வாஸ் ரீப்ளேஸ்டு, தி பிரஷர் ரிமெய்ன்டு ஸ்டெடி.’ காலமா, காரணமா என்று கேள்வி.

4. ‘ஆஃப்டர் வாஷிங் தி சாம்பிள்ஸ், தி வெயிட் வாஸ் ரெக்கார்டட்.’ யார் கழுவியது என்று கேள்வி.

5. ‘தி ரியாக்‌ஷன் டிட் நாட் ஸ்டாப் பிகாஸ் தி டெம்பரேச்சர் ஃபெல்.’ இரண்டு பொருள் வருகிறது என்று குறிப்பு.

கடைசியில் பொதுவாக ஒரு வரி: ‘துணை வாக்கியங்களை முன்னால் குவிக்க வேண்டாம்.’ இலக்கணத் திருத்தக் கருவியில் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டை மட்டும்தான் அது பிடித்தது. மற்றவை ஏன் தவறு, எப்படி மாற்றுவது?

பதில் 1

முதல் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். வேர் ஒன்றுதான்: இணைப்புச் சொல்லின் வேலை.

‘ஆல்தோ’ வந்த உடனேயே அது ஒட்டிய பகுதி துணை வாக்கியம் ஆகிவிடுகிறது. ‘பட்’ சேர்க்க வேண்டுமானால் இரு பக்கமும் சம எடையுள்ள முதன்மை வாக்கியங்கள் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். ‘ஆல்தோ தி சாம்பிள் வாஸ் ஸ்மால், தி ட்ரெண்ட் வாஸ் கிளியர்’ சரி. ‘தி சாம்பிள் வாஸ் ஸ்மால், பட் தி ட்ரெண்ட் வாஸ் கிளியர்’ என்பதும் சரி. ‘பிகாஸ்… ஸோ’ ஜோடிக்கும் இதே விதி. ‘இஃப்… தென்’ அனுமதிக்கப்பட்ட ஜோடி.

இரண்டாவது பிழை தமிழில் சிந்திப்பவர்களுக்கு மிக எளிதாக வரும். நாம் ‘எத்தனாலைப் பயன்படுத்தினோம். ஏனெனில் அது விரைவில் ஆவியாகும்’ என்று முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியமாகத் தொடங்குவோம். தமிழில் அது குறையே இல்லை. ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ பகுதி தனியே நிற்காது, முதன்மை வாக்கியத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும். முற்றுப்புள்ளியை எடுத்தால் போதும்: ‘வீ யூஸ்டு எத்தனால் பிகாஸ் இட் எவாபரேட்ஸ் குயிக்லி.’ ‘வேராஸ்’ என்று தொடங்கித் தனியே நிற்கும் வாக்கியங்களும் உங்கள் வரைவில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான பிழையையும் கவனியுங்கள். ‘தேர்ஃபோர்’, ‘ஹவெவர்’ இரண்டும் துணை வாக்கியத்தை உண்டாக்கும் சொற்கள் அல்ல. வெறும் இணைப்பு வினையடைகள். ‘தி சென்சர் டிரிஃப்டட், தேர்ஃபோர் தி ரீடிங்ஸ் வேர் டிஸ்கார்டட்’ என்று கமா மட்டும் போட்டு ஒட்ட முடியாது. அங்கே அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

‘டெஸ்பைட்’, ‘பிகாஸ் ஆஃப்’ இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல் தொடர்தான் வரும். ‘டெஸ்பைட் தி சாம்பிள் வாஸ் ஸ்மால்’ தவறு. ‘டெஸ்பைட் தி ஸ்மால் சாம்பிள்’ சரி.

பதில் 2

மூன்றாவது. ‘சின்ஸ்’ காலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். உங்கள் வாக்கியத்தில் வால்வை மாற்றிய நாள் முதல் அழுத்தம் நிலையாக இருந்ததா, மாற்றியதால் நிலையாக இருந்ததா என்பது தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரையில் இது மொழி நடைப் பிரச்சினையோடு நிற்காது. முதலாவது வெறும் கால வரிசை. இரண்டாவது, இது அதற்குக் காரணம் என்ற கூற்று. கூற்று என்றால் சான்று கேட்பார்கள்.

வினையின் காலம் கொஞ்சம் உதவும். கால அர்த்தத்தில் ‘சின்ஸ்’ வந்தால் முதன்மை வாக்கியம் பொதுவாக ‘ஹாஸ் ரிமெய்ன்டு’ என்று இருக்கும். நீங்கள் ‘ரிமெய்ன்டு’ என்று எழுதியிருப்பதால் காரண அர்த்தம் பக்கம் சாய்கிறது, ஆனால் உறுதியாக இல்லை. காரணம் என்றால் ‘பிகாஸ்’ போடுங்கள். கால வரிசை என்றால் ‘ஆஃப்டர் தி வால்வ் வாஸ் ரீப்ளேஸ்டு’ என்று எழுதுங்கள்.

‘வைல்’ சொல்லுக்கும் இதே சங்கடம்: ‘அதே நேரத்தில்’ என்றும் வரும், ‘ஆனால் மறுபுறம்’ என்றும் வரும். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டின் 7-ஆம் பதிப்பு ‘சின்ஸ்’, ‘வைல்’ இரண்டையும் கால அர்த்தத்துக்கே ஒதுக்கி, மற்ற இடங்களில் ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ போன்றவற்றைப் பயன்படுத்தச் சொல்கிறது. எல்லா நடைக் கையேடுகளும் இவ்வளவு கறாராக இல்லை. காரண அர்த்தத்து ‘சின்ஸ்’ இலக்கணப்படி தவறும் அல்ல. ஆனாலும் குழப்பம் வரும் இடத்தில் மாற்றிவிடுவதே நல்லது. ‘ஆஸ்’ இன்னும் மோசம்: நேரம், காரணம், விதம் மூன்றுக்கும் வரும். காரணம் சொல்ல அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3

நான்காவது வாக்கியத்தில் பிழை இருப்பது எழுவாயில். ‘ஆஃப்டர் வாஷிங்’ என்பதில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. அப்படி இல்லாதபோது முதன்மை வாக்கியத்தின் எழுவாயையே ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். அங்கே இருப்பது ‘தி வெயிட்’. ஆக, எடை மாதிரிகளைக் கழுவியது என்று ஆகிறது. தமிழில் ‘மாதிரிகளைக் கழுவிய பின் எடை குறிக்கப்பட்டது’ என்பது இயல்பாக ஓடுவதால் இது கண்ணில் படாது.

திருத்த மூன்று வழி. துணை வாக்கியத்துக்கு எழுவாய் கொடுக்கலாம்: ‘ஆஃப்டர் தி சாம்பிள்ஸ் வேர் வாஷ்டு, தேர் வெயிட் வாஸ் ரெக்கார்டட்.’ முதன்மை வாக்கியத்தில் செய்தவரைக் கொண்டுவரலாம்: ‘ஆஃப்டர் வாஷிங் தி சாம்பிள்ஸ், வீ ரெக்கார்டட் தேர் வெயிட்.’ அல்லது துணை வாக்கியத்தையே நீக்கலாம்: ‘தி சாம்பிள்ஸ் வேர் வாஷ்டு அண்ட் வேய்டு.’ செய்முறைப் பகுதிக்குக் கடைசி வடிவம்தான் எனக்குப் பிடித்தது. ஆறு சொல்லில் வேலை முடிகிறது.

இப்படி எழுவாய் இல்லாமல் சுருங்கிய வடிவங்கள் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. ‘வென் ஹீட்டட் டு 80 டிகிரி, தி சொல்யூஷன் டர்ன்டு யெல்லோ’ சரி, சூடானது கரைசல்தான். ‘வென் ஹீட்டட் டு 80 டிகிரி, வீ அப்சர்வ்டு எ யெல்லோ கலர்’ தவறு. சூடானவர்கள் ஆய்வாளர்கள் என்று பொருள் தரும்.

‘யூஸிங் எ மைக்ரோமீட்டர், தி திக்னெஸ் வாஸ் மெஷர்டு’ போன்றவை அறிவியல் இதழ்களில் நிறையக் கிடைக்கும், அதனால் இதை விட்டுவிடலாம்.

பதில் 2

அந்தக் கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். ‘யூஸிங்’ பலர் எழுதுகிறார்கள் என்பது உண்மை. கறாரான எடிட்டர் அதையும் குறிப்பார். ஏ.பி.ஏ. கையேடும் இதை ஏற்பதில்லை. மாற்றுவது சுலபமாக இருக்கும்போது ஏன் விட்டுவைக்க வேண்டும்? ‘தி திக்னெஸ் வாஸ் மெஷர்டு வித் எ மைக்ரோமீட்டர்’ என்றால் யாரும் ஆட்சேபிக்க முடியாது. ‘பேஸ்டு ஆன்’ என்று தொடங்கும் வாக்கியங்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. நான்கு புரிந்தது. ஐந்தாவதில் இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது? கமா எங்கே போடுவது என்பதும் எனக்குக் குழப்பம். ‘பிகாஸ்’ முன்னால் கமா கூடவே கூடாது என்று படித்திருக்கிறேன்.

பதில் 1

கூடவே கூடாது என்பதில்லை. துணை வாக்கியம் முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் கமா. பின்னால் வந்தால், முதன்மை வாக்கியத்தின் பொருளுக்கு அது இன்றியமையாததா என்று பார்க்க வேண்டும். ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘வென்’, ‘அன்டில்’, ‘அன்லெஸ்’ பொதுவாக இன்றியமையாதவை, கமா வேண்டாம். ‘ஆல்தோ’, ‘வேராஸ்’, முரண் அர்த்தத்து ‘வைல்’ ஆகியவை பின்னால் வந்தாலும் அவற்றுக்கு முன் கமா போடுவதே வழக்கம்.

விதிவிலக்கு உங்கள் ஐந்தாவது வாக்கியம்தான். எதிர்மறை வினைச்சொல்லுக்குப் பின் ‘பிகாஸ்’ வந்தால், ‘நாட்’ எதுவரை நீள்கிறது என்பது தெரியாமல் போகும்.

ஒரு வாசிப்பில் வேதிவினை நிற்கவில்லை. வெப்பநிலை குறைந்ததுதான் காரணம். இன்னொரு வாசிப்பில் வினை நின்றுவிட்டது. ஆனால் வெப்பநிலை குறைந்ததால் அல்ல, வேறு எதனாலோ. ஒன்றில் வினை தொடர்கிறது, மற்றதில் முடிந்துவிட்டது. முடிவுகள் பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கவே கூடாது.

முதல் பொருள் வேண்டுமானால் ‘ஸ்டாப்’ சொல்லுக்குப் பின் கமா போடுங்கள்; அல்லது காரணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘பிகாஸ் தி டெம்பரேச்சர் ஃபெல், தி ரியாக்‌ஷன் டிட் நாட் ஸ்டாப்.’ இரண்டாவது பொருள் என்றால் ‘தி ரியாக்‌ஷன் ஸ்டாப்டு, பட் நாட் பிகாஸ் தி டெம்பரேச்சர் ஃபெல்.’ கமாவை நம்புவதைவிட வாக்கியத்தை மாற்றுவதே பாதுகாப்பு.

‘ஸோ தட்’ சொல்லிலும் கமா பொருளை மாற்றும். கமா இல்லாமல் வந்தால் நோக்கம், கமாவோடு வந்தால் பெரும்பாலும் விளைவு.

பதில் 3

உங்களுக்கு வந்த பொதுக் குறிப்புக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. என் பார்வையில் ஐந்து வாக்கியங்களையும்விட அதுதான் முக்கியம்.

தமிழில் வினைமுற்று கடைசியில். காரணம், நிபந்தனை, காலம் எல்லாம் வரிசையாக அதற்கு முன்னால் வந்துவிடும். அந்த ஓட்டத்திலேயே ஆங்கிலத்தில் எழுதினால் இப்படி ஆகும்: ‘பிகாஸ் தி சென்சர் டிரிஃப்டட் வென் தி ரூம் வாஸ் வார்ம், ஆல்தோ இட் வாஸ் கேலிப்ரேட்டட் டெய்லி, தி ரீடிங்ஸ் வேர் டிஸ்கார்டட்.’ மூன்று துணை வாக்கியங்களைத் தலையில் சுமந்தபடி வாசகர் முதன்மை வாக்கியத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிரித்து எழுதுங்கள்: ‘தி சென்சர் டிரிஃப்டட் வென் தி ரூம் வாஸ் வார்ம், ஆல்தோ இட் வாஸ் கேலிப்ரேட்டட் டெய்லி. தீஸ் ரீடிங்ஸ் வேர் தேர்ஃபோர் டிஸ்கார்டட்.’ ஆங்கிலத்தில் ‘இஃப்’ பெரும்பாலும் முன்னால் வரும், ‘பிகாஸ்’ பெரும்பாலும் பின்னால் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதை முன்னால் வைப்பது? வாசகர் முந்தைய வாக்கியத்திலேயே அறிந்துகொண்டதை. புதிய தகவலும் உங்கள் முடிவும் வாக்கியத்தின் பின்பகுதிக்குப் போகட்டும். சென்சர் பிழையைப் பற்றி முன்பே பேசியாகிவிட்டது என்றால் ‘பிகாஸ் தி சென்சர் டிரிஃப்டட்’ என்று தொடங்குவது சரிதான். அது புதுச் செய்தி என்றால் பின்னால் வையுங்கள்.

‘ஆல்தோ’ விஷயத்தில் இடத்தைவிட, எதைத் துணை வாக்கியம் ஆக்குகிறீர்கள் என்பதே பெரிது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்:

‘ஆல்தோ தி எஃபெக்ட் வாஸ் ஸ்மால், இட் வாஸ் கன்ஸிஸ்டன்ட்.’

‘ஆல்தோ தி எஃபெக்ட் வாஸ் கன்ஸிஸ்டன்ட், இட் வாஸ் ஸ்மால்.’

தரவு ஒன்றே. முதலாவது, விளைவை நம்பலாம் என்கிறது. இரண்டாவது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்கிறது. விட்டுக்கொடுப்பதை ‘ஆல்தோ’ பக்கம் வையுங்கள், நிலைநாட்ட விரும்புவதை முதன்மை வாக்கியத்தில் வையுங்கள். சுருக்கத்தில் ஒரு வரிசையும் முடிவுரையில் மறு வரிசையும் இருந்தால் மதிப்பீட்டாளர் கட்டாயம் கேட்பார்.

கேட்டவர்

இது தெளிவாகப் புரிகிறது. அப்படியானால் துணை வாக்கியங்களையே குறைத்துவிடுவது நல்லதா? இன்னொன்று: ‘ஆஸ் இட் இஸ் ஷோன் இன் ஃபிகர் 2’ என்பதிலும் குறி இருக்கிறது.

பதில் 2

இரண்டாவதற்கு முதலில்: ‘ஆஸ் ஷோன் இன் ஃபிகர் 2’ என்பதே நிலைத்த வடிவம். ‘இட் இஸ்’ சேர்த்தால் ‘காட்டப்பட்டிருப்பதால்’ என்ற காரண வாடை வந்துவிடும். ‘ஆஸ் டிஸ்கிரைப்டு அபவ்’, ‘இஃப் நெசஸரி’ ஆகியவற்றையும் அப்படியே மனப்பாடமாக எழுதலாம்.

குறைப்பது பற்றி: மொழியியலாளர் டக்ளஸ் பைபரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999-இல் வெளியிட்ட, தரவுத்தொகுப்பு அடிப்படையிலான ஆங்கில இலக்கண நூல் காட்டியபடி, ‘பிகாஸ்’ துணை வாக்கியங்கள் உரையாடலில்தான் மிகுதி, ஆய்வு நடை பெயர்ச்சொல் தொடர்களை நம்பி நடக்கிறது. ‘பிகாஸ் தி டெம்பரேச்சர் இன்கிரீஸ்டு ரேப்பிட்லி’ என்பதற்குப் பதில் ‘தி ரேப்பிட் இன்கிரீஸ் இன் டெம்பரேச்சர்’ என்று தொடங்குவார்கள். ஆனால் எல்லாவற்றையும் அப்படி இறுக்கினால் எது எதற்குக் காரணம் என்பதே மறைந்துவிடும். தர்க்கம் கனமாக இருக்கும் இடத்தில் துணை வாக்கியத்தை விட்டுவையுங்கள்.

பதில் 1

வரைவை மறுபடி அனுப்புமுன், தேடல் வசதியில் ‘சின்ஸ்’, ‘வைல்’, ‘ஆஸ்’, ‘பிகாஸ்’, ‘ஆஃப்டர்’, ‘வென்’, ‘யூஸிங்’ ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுங்கள். ‘சின்ஸ்’, ‘வைல்’, ‘ஆஸ்’: காலமா, காரணமா, முரணா? ‘பிகாஸ்’: அந்த வாக்கியத்தில் எதிர்மறை இருக்கிறதா? ‘ஆஃப்டர்’, ‘வென்’, ‘யூஸிங்’: எழுவாய் பொருந்துகிறதா? கூடவே, ‘இஃப்’ பகுதிக்குள் ‘வில்’ நுழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ‘அன்லெஸ்’ ஏற்கெனவே எதிர்மறை, அதற்குள் இன்னொரு ‘நாட்’ வைத்தால் செய்முறையே தலைகீழாகிவிடும். திருத்திய பத்தி ஒன்றை இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.