ஈ ஜீன் மட்டும் 36-ல் வருகிறது, என்டிசி சுத்தம்: ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

தட்டு96 (கேள்வி)

கொரோனா ஆர்டி-பிசிஆர் ஓட்டுபவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கிட்டில் ஈ ஜீன், ஓஆர்எஃப் (இரண்டும் வைரஸின் ஜீன்கள்), ஆர்என்ஏஸ்-பி (ஸ்வாபில் மனித செல் இருந்ததா என்று காட்டும் மனித ஜீன்) மூன்றும் ஒரே குழியில். ஆர்என்ஏ பிரித்தெடுப்பு காலம் (column, ஆர்என்ஏவைப் பிடித்துவைக்கும் வடிகட்டிக் குழல்) வைத்துக் கையால்: 200 மைக்ரோலிட்டர் விடிஎம் (ஸ்வாப் போட்டு வரும் திரவம்) எடுத்து 50 மைக்ரோலிட்டரில் இறக்குகிறோம். குழிக்கு 15 மைக்ரோலிட்டர் மிக்ஸ் (வினைக் கலவை), 5 மைக்ரோலிட்டர் ஆர்என்ஏ, 40 சைக்கிள். பிளேட்டுக்கு 94 மாதிரி, ஒரு என்டிசி (மாதிரி சேர்க்காத வெற்றுக் குழி), ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல்.

ஒரு வாரமாக ஒவ்வொரு பிளேட்டிலும் எட்டு மாதிரி வரை ஈ ஜீன் மட்டும் சிடி (வளைவு கோட்டைத் தொடும் சைக்கிள் எண், குறைந்தால் வைரஸ் அதிகம்) 34-லிருந்து 38-க்குள் எழும்புகிறது. ஓஆர்எஃப் தட்டையாகக் கிடக்கிறது. என்டிசி சுத்தம். ஒரே ஒரு நாள் மட்டும் அதில் 37.8 வந்தது.

இன்னொன்று, ஆறு மாதிரியில் ஆர்என்ஏஸ்-பி வரவே இல்லை. திரும்ப ஓட்டினாலும் சில வருகிறது, சில வரவில்லை.

வார்டிலிருந்து சிடி எவ்வளவு என்று ஃபோன் மேல் ஃபோன். மாதிரிகள் மலைபோல் குவிகின்றன, ஐந்தில் ஒன்று பாசிட்டிவ். ஐந்து ஐந்தாகப் பூல் செய்தால் (ஐந்து மாதிரியைக் கலந்து ஒரே டெஸ்டாக ஓட்டினால்) சுமை குறையுமா?

மூன்றாம்ஷிஃப்ட்

திரெஷோல்டை (சிடி கணக்கிடும் கோட்டை) கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், அந்த 36, 37 எல்லாம் காணாமல் போய்விடும். எப்படியும் 35-க்கு மேல் நெகட்டிவ்தானே.

மைக்ரோலிட்டர்

ஏற்றாதீர்கள். திரெஷோல்டை ஏற்றினால் எல்லா மாதிரியின் சிடியும் சேர்ந்து மேலே போகும். உண்மையான 34 ஒன்று 35-ஐத் தாண்டி நெகட்டிவ் ஆகிவிடும். அழுக்கோ (குழிக்குள் தவறி விழுந்த வேறு மாதிரியின் துணுக்கு) அங்கேயேதான் இருக்கும்.

முதலில் வளைவைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். லாக் பார்வையை விட்டு நேர்கோட்டுப் பார்வைக்கு மாற்றி, அந்த எட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுங்கள். எஸ் வடிவில் எழும்பினால் அங்கே ஏதோ பெருகியிருக்கிறது. முதல் சைக்கிளிலிருந்தே சாய்வாக ஏறி வந்து கோட்டைத் தொட்டால் அது பேஸ்லைன் சரிவு. திடீரென்று ஒரு குதி குதித்தால் குழியில் காற்றுக்குமிழி. பிளேட்டை ஒட்டியபின் ஒரு நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றாததன் விளைவு.

எஸ் வடிவம்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, உங்கள் என்டிசியை அவ்வளவு நம்பாதீர்கள். 94 குழியில் 8-ல் அழுக்கு விழுகிறது என்றால், ஒற்றை என்டிசி அதில் சிக்காமல் தப்பிக்க நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாய்ப்பு. பத்து பிளேட்டில் ஒன்பது சுத்தமாகத்தான் காட்டும். நீங்கள் பார்த்த அந்த ஒரு நாள் 37.8 சும்மா வந்ததல்ல.

அழுக்கு எங்கே நுழைகிறது என்று பிரித்துப் பார்க்க மூன்று வகை வெற்றுக் குழி வேண்டும்:

மிக்ஸ் அறையிலேயே தண்ணீர் விட்டு மூடியது. இதில் வளைவு வந்தால் மிக்ஸ், தண்ணீர், மிக்ஸ் பிப்பெட் மூன்றில் ஒன்று.

ஆர்என்ஏ சேர்க்கும் இடத்தில், எல்லா மாதிரியும் போட்டு முடிந்தபின் கடைசியாகத் தண்ணீர் விட்டது. நிறைய பேர் என்டிசியை முதலில் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்புறம் நடக்கும் தெறிப்புக்கெல்லாம் அது எப்படிச் சாட்சி சொல்லும்?

மாதிரி எதுவும் இல்லாத வெறும் விடிஎம், பிரித்தெடுப்பிலிருந்தே மற்றவற்றோடு ஓடியது. முதல் இரண்டும் சுத்தமாக இருந்து இது மட்டும் எழும்பினால் கோளாறு பிரித்தெடுக்கும் கட்டத்தில்.

மூன்றாவதுதான் என் சந்தேகம். பிளேட் வரைபடத்தை எடுத்து, அந்த எட்டுக்கும் பக்கத்தில், அல்லது காலம் வரிசையில் முன்னும் பின்னும், 14, 15, 16 என்று பலமான பாசிட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். சிடி 15-க்கும் 36-க்கும் இடையே 21 சைக்கிள். சைக்கிளுக்கு இரண்டு மடங்கு என்றால் ஏறக்குறைய இருபது லட்சம் மடங்கு. சிடி 15 உள்ள விடிஎம்மில் நீங்கள் எடுக்கும் 200 மைக்ரோலிட்டரை இருபது லட்சமாகப் பிரித்தால் 0.0001 மைக்ரோலிட்டர். தலைமுடித் தடிமன் உள்ள ஒரே ஒரு துளி. விடிஎம் மூடியை வெடுக்கென்று திறந்தாலே அவ்வளவு தெறிக்கும்.

ஆகவே, திறக்கும் முன் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி மூடியில் ஒட்டியதைக் கீழே இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் திறந்திருக்க வேண்டும். ஃபில்டர் டிப் மட்டும். லைசிஸ் பஃபரை (வைரஸை உடைக்கும் திரவத்தை) எல்லாக் குழாயிலும் முன்கூட்டியே ஊற்றி மூடி வைத்தால் திறந்திருக்கும் நேரம் பாதியாகும். காலத்தை எடுக்கும்போது அதன் நுனி கீழே வடிந்த திரவத்தில் படக்கூடாது. பலமான மாதிரி என்று தெரிந்த எதையும் தொட்டபின் கையுறையை மாற்றுங்கள். கையுறைப் பெட்டியைச் சிக்கனமாகப் பாவிப்பவர்கள் கிட்டைத்தான் வீணாக்குகிறார்கள்.

ஈ ஜீன் மட்டும் வருவதற்கு இன்னும் இரண்டு வழி உண்டு. கிட்டின் பாசிட்டிவ் கன்ட்ரோல் பிளாஸ்மிடாக (வளைய டிஎன்ஏவாக) இருந்தால் அது சிந்தியிருக்கலாம். அல்லது, ஓடி முடிந்த பிளேட்டை யாரோ திறந்திருக்கலாம். இரண்டுமே டிஎன்ஏ. சந்தேகமுள்ள ஆர்என்ஏவை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) இல்லாத, டிஎன்ஏவை மட்டும் பெருக்கும் வெறும் டாக் மிக்ஸில் அதே பிரைமர், புரோபுடன் ஓட்டுங்கள். அப்போதும் அதே இடத்தில் வளைவு வந்தால் அது வைரஸின் ஆர்என்ஏ அல்ல.

கடைசியில் கிட்டையும் சந்தேகப்படலாம், தப்பில்லை. பிப்ரவரி 2020-ல் அமெரிக்க சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பிய கிட்டிலேயே என்3 பகுதி வெறும் தண்ணீரில் வளைவு காட்டியது. பிறகு என்3-ஐ விட்டுவிட்டு என்1, என்2 மட்டும் வைத்து ஓட்டச் சொன்னார்கள். புது லாட் வந்தால் எட்டுக் குழி வெறும் தண்ணீர் ஓட்டாமல் மாதிரியில் கை வைக்காதீர்கள்.

குளிர்பெட்டி

ஆர்என்ஏஸ்-பி பற்றி.

வராததற்கு முக்கியமாக இரண்டு காரணம்: ஸ்வாபில் மனித செல்லே இல்லை, அல்லது செல் இருந்தும் வினையை ஏதோ தடுக்கிறது. இதைப் பிரிக்க அதே ஆர்என்ஏவை அப்படியே ஒரு குழியிலும், பத்தில் ஒன்றாகத் தண்ணீரில் கரைத்து இன்னொரு குழியிலும் போடுங்கள். கரைத்ததில் வந்து கரைக்காததில் வராவிட்டால் தடுப்புப் பொருள். கால முறையில் அது பெரும்பாலும் மிச்சமிருக்கும் எத்தனால். கடைசி வாஷுக்குப் பின் காலத்தைப் புதுக் குழாயில் வைத்து, ஒன்றும் ஊற்றாமல் முழு வேகத்தில் இன்னும் ஒரு முறை சுற்றி, மூடியைத் திறந்து ஓரிரு நிமிடம் விட்டுப் பிறகு எல்யூஷன் பஃபர் (ஆர்என்ஏவைக் கீழே இறக்கும் திரவம்) விடுங்கள். அவசரத்தில் எல்லோரும் முதலில் விழுங்குவது இந்தச் சுற்றைத்தான். திரும்ப ஓட்டும்போது சில வருகிறது, சில வரவில்லை என்கிறீர்களே, அது எத்தனாலின் குணம்தான்.

இரண்டிலும் வராவிட்டால் விடிஎம்மிலிருந்து மறுபடி பிரித்தெடுங்கள். அப்போதும் இல்லையென்றால் புது மாதிரி கேளுங்கள். அதை நெகட்டிவ் என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வைரஸ் ஜீன் இரண்டும் பலமாக வந்து ஆர்என்ஏஸ்-பி மட்டும் வராவிட்டால் அது வேறு கதை: வைரஸ் பெருகும் வேகத்தில் மிக்ஸ் தீர்ந்திருக்கும், பாசிட்டிவ் என்ற முடிவு செல்லுபடியாகும்.

பலர் கவனிக்காத ஒன்று. ஆர்என்ஏஸ்-பி பிரைமர் பல கிட்டுகளில் மனித டிஎன்ஏவையும் பெருக்கும். அதனால் அது வந்துவிட்டது என்பது ஸ்வாபில் செல் இருந்தது, பிசிஆர் ஓடியது என்பதற்குத்தான் சான்று. 50 டிகிரியில் நடக்க வேண்டிய ஆர்என்ஏ-டிஎன்ஏ மாற்றம் நடந்ததா என்று சொல்லாது. பாசிட்டிவ் கன்ட்ரோலும் பிளாஸ்மிடாக இருந்தால் அந்த நொதி செத்துக்கிடந்தாலும் கன்ட்ரோல் எல்லாம் பச்சை, மாதிரி எல்லாம் நெகட்டிவ்! மிக்ஸை ஐஸில் வைக்காமல் மேசையில் விட்டாலோ, உருக்கி உருக்கி உறைய வைத்தாலோ இது நடக்கும். மருந்து எளிது. சிடி 30 அளவில் உள்ள பழைய பாசிட்டிவ் ஆர்என்ஏவைச் சிறு சிறு குழாய்களாக மைனஸ் 70-ல் வைத்து, பிளேட்டுக்கு ஒன்று ஓட்டுங்கள். 30 என்பது 33 ஆனால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

செல்லே இல்லாத ஸ்வாபுக்கு ஆய்வகத்தில் வைத்தியம் கிடையாது, மாதிரி எடுப்பவரிடம் பேச வேண்டும். ஸ்வாப் மூக்கின் தரைக்கு இணையாக, நேரே பின்னால் போக வேண்டும், நெற்றியை நோக்கி மேலே அல்ல. ஆழம், மூக்குத் துளையிலிருந்து காது வரையுள்ள தூரத்தில் பாதிக்காவது வர வேண்டும். தட்டியதும் சில வினாடி அங்கேயே வைத்து, சுழற்றிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். கண்ணில் நீர் வராத ஆளிடம் எடுத்தது பெரும்பாலும் முன்மூக்குச் சளிதான். நைலான் அல்லது டாக்ரான் நுனி, பிளாஸ்டிக் தண்டு. மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட்டும் பிசிஆரையே தடுக்கும்.

வந்து சேரும்போது விடிஎம்மின் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பு மஞ்சளாகியிருந்தால் வழியில் சூடேறி பாக்டீரியா வளர்ந்திருக்கலாம். 2 முதல் 8 டிகிரியில் 72 மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். முடியாதென்றால் மைனஸ் 70. சாதாரண ஃப்ரீசரில் உறைய வைத்து உருக்குவது எல்லாவற்றையும்விட மோசம்.

வரிசைஎண்

ரிப்போர்ட் பக்கம்.

பாசிட்டிவுக்கு சிடி 24-ஐ எல்லையாக வைக்கலாமா என்று மகாராஷ்டிரம் கேட்டபோது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மறுத்து 35 என்றது. 35 வரை வந்தும் எஸ் வடிவம் இல்லாவிட்டால் மறுபடி ஓட்டச் சொன்னது. எனவே உங்கள் 36, 37 பற்றிக் குழப்பமில்லை. 34.6-ல் ஈ மட்டும் வருகிறதே, அதுதான் தலைவலி. விடிஎம்மிலிருந்து மறுபடி பிரித்து, ஒரு குழிக்குப் பதில் மூன்று குழியில் ஓட்டுங்கள். ஒன்றிலும் வராவிட்டால் முதலில் வந்தது தெறிப்பாக இருக்கலாம். ஈயும் ஓஆர்எஃபும் சேர்ந்து ஏதாவது ஒன்றில் வந்தால் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவில் நின்றால் ‘முடிவு தெளிவில்லை, ஓரிரு நாளில் புது மாதிரி அனுப்பவும்’ என்று எழுதுங்கள்.

மூன்று குழி எதற்கென்றால், குழிக்குச் சராசரி மூன்று மூலக்கூறு விழும் அளவுக்கு வைரஸ் குறைவாக இருந்தால், இருபதில் ஒரு குழி வெறுமையாகவே இருக்கும். ஒரு மூலக்கூறு என்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெறுமை. ஒருமுறை வந்து மறுமுறை வராததாலேயே முதலில் வந்தது பொய் என்று சொல்ல முடியாது.

வார்டு ஃபோனுக்குப் பதில்: 3.3 சைக்கிள் வித்தியாசம் பத்து மடங்கு, ஆனால் ஒரே கிட், ஒரே மெஷின், ஒரே ஸ்வாபில். மூக்கில் சரியாகத் தொடாத ஸ்வாப் 22-ஐ 29 ஆக்கும். 50-க்குப் பதில் 100 மைக்ரோலிட்டரில் இறக்கினாலே ஒரு சைக்கிள் தள்ளும். சிடியை வைத்து ஆக்சிஜன் தேவையைக் கணிக்க முடியாது. நுரையீரலில் நோய் முற்றும் ஏழெட்டாம் நாளில் மூக்கில் வைரஸ் குறைந்து சிடி ஏறியிருக்கும். 31 என்று பார்த்து நிம்மதியடைந்தால் ஆபத்து.

பூலிங் வேண்டாம். ஐசிஎம்ஆர் ஏப்ரல் 2020-ல் ஐந்து பூலை அனுமதித்ததே முக்கியமாகப் பாசிட்டிவ் 2 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ள இடங்களுக்கு. 2 விழுக்காட்டில் நூறு பேருக்குச் சுமார் 30 டெஸ்ட் போதும், நல்ல மிச்சம். உங்களுக்கு ஐந்தில் ஒன்று. மூன்று பூலில் இரண்டு பாசிட்டிவாக வந்து எல்லாவற்றையும் பிரித்து ஓட்ட வேண்டும், நூறு பேருக்கு 87. பதின்மூன்று டெஸ்ட் மிச்சத்துக்கு ஒரு நாள் தாமதம். போதாததற்கு ஐந்து மடங்கு நீர்த்ததால் சிடி 2.3 ஏறும், ஓரத்தில் நிற்பவர் நெகட்டிவாகிப் போவார்.

தட்டு96

மூன்று வகை வெற்றுக் குழியும் எட்டெட்டு ஓட்டினோம். முதல் இரண்டும் சுத்தம். வெறும் விடிஎம்மில் எட்டில் இரண்டு, 36.2, 37.1. டாக் மிக்ஸில் எதுவும் வரவில்லை. ஆக, மாதிரித் தெறிப்புதான். எத்தனாலை வெளியேற்றும் அந்த வெறும் சுற்றைச் சேர்த்தபின் ஆறில் நாலில் ஆர்என்ஏஸ்-பி வந்துவிட்டது. இரண்டுக்குப் புது ஸ்வாப் கேட்டிருக்கிறோம்.

இன்று மாலை பிரித்தெடுப்புக் கேபினட்டை முழுக்கக் கழுவப் போகிறோம். யூவி ஒரு மணி நேரம் போதுமா, ஹைப்போகுளோரைட்டும் (பிளீச்) வேண்டுமா?

மைக்ரோலிட்டர்

யூவியை மட்டும் நம்பாதீர்கள். விளக்கின் நிழலில் இருப்பதை அது தொடாது, காய்ந்து ஒட்டியதில் பாதி வேலைதான் செய்யும். பிசிஆர் பெருக்கித் தரும் துண்டுகளோ மிகச் சின்னவை, பெர்லின் சாரிட்டே மருத்துவமனை முறையின் ஈ ஜீன் துண்டு வெறும் 113 எழுத்து. துண்டு சிறுக்கச் சிறுக்க யூவி தப்பவிடும்.

கடையில் வரும் 5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். பிறகு தண்ணீரால் துடைத்து, அதற்கும் பின் 70 விழுக்காடு எத்தனால். தண்ணீரால் துடைக்காமல் விட்டால் எஃகு துருப்பிடிக்கும், மிச்ச குளோரின் அடுத்த பிரித்தெடுப்பில் ஆர்என்ஏவையும் தின்னும். பிப்பெட்டின் நுனிக் குழலைக் கழற்றித் தனியாகத் துடையுங்கள், அதற்குள் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் போனால் தப்பு. லைசிஸ் பஃபரிலும் முதல் வாஷ் பஃபரிலும் பெரும்பாலும் குவானிடின் தயோசயனேட் போன்ற குவானிடின் உப்பு இருக்கும். அதன் மேல் ஹைப்போகுளோரைட் பட்டால் நச்சு வாயு வரும், சயனைடு சேர்ந்தது. கழிவுப் பாட்டிலில் ஹைப்போ ஊற்றி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. காலம் கழிவுக்கு அது கூடவே கூடாது. பஃபர் சிந்திய இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைத்தெடுத்து, பிறகே ஹைப்போ. இன்று மாலை கேபினட்டைத் தொடும் முன் உள்ளே இருக்கும் கழிவுப் பாட்டிலை வெளியே எடுத்துவிடுங்கள்.