கீழாநெல்லி எலிச் சோதனை: சாற்றை முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா?

குடுவை_தம்பி:
கீழாநெல்லி ஈரலைக் காக்கிறதா என்று பார்க்க, எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கு அதன் எத்தனால் சாறு எடுத்திருக்கிறேன். விஸ்டார் எலிகளுக்கு ஒரு வாரம் சாறு, கடைசி நாளில் பாராசிட்டமால் கிலோவுக்கு 2 கிராம், மறுநாள் ரத்தம் எடுத்து, ஈரல் கெட்டால் ஏறும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிரூபின் அளவுகள். ஒப்பிட, ஈரலைக் காக்கும் மருந்தாகக் கொடுக்கப்படும் சிலிமரின். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார் கைடு. சாறு தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைக்கலாமா? வைவாவில் மாட்டிக்கொள்வேனா?

ஈரல்வாசி:
மாட்டுவீர்கள், முதலில் டிஎம்எஸ்ஓவில். பாராசிட்டமால் நேரடியாக ஈரலைக் கெடுப்பதில்லை தம்பி, ஈரலில் உள்ள சிஒய்பி நொதிகள் அதை நாப்கி என்ற நச்சாக மாற்றிய பிறகுதான் கெடுதல், அந்த நொதிகளையே டிஎம்எஸ்ஓ அடக்கிவிடும். சாற்றில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எஸ்ஜிபிடி இறங்கும், நீங்கள் மூலிகைக்கு மாலை போட்டுவிடுவீர்கள். சிஎம்சி என்ற கெட்டிப்படுத்தும் பொருளைத் தண்ணீரில் கரைத்து, அதில் சாற்றைக் கலக்கிக் கொடுங்கள். அடியில் தங்கும், ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் குலுக்க வேண்டும். சாறு கொடுக்காத கன்ட்ரோல் எலிகளுக்கும் அதே சிஎம்சி.

இதே சந்தேகம் உங்கள் சாற்றின் மேலும் வரும். முன்கூட்டியே கொடுத்தால் அது ஈரலைக் காத்ததா, நச்சு உண்டாகவே விடாமல் தடுத்ததா? மறுநாள் எஸ்ஜிபிடி அதைச் சொல்லாது. பாராசிட்டமாலுக்குப் பிறகு சாறு கொடுக்கும் குழு ஒன்று சேருங்கள். முன்னால் கொடுத்த குழுவில் சில எலிகளுக்கு பாராசிட்டமால் கொடுத்த முதல் சில மணி நேரத்திலேயே ஈரல் குளூட்டாதயோனையும் பாருங்கள், நாப்கியை முறிப்பதில் செலவாகிக் குறையும் பொருள் அது. சாறு கொடுக்காதவற்றைப் போலவே இறங்கியிருந்தால் நச்சு உண்டாகியிருக்கிறது, அப்புறம் காத்தது என்று தைரியமாகப் பேசலாம்.

செடிக்கிறுக்கி:
செடி எங்கே வாங்கியது? நாட்டு மருந்துக் கடைப் பொடி என்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது. கீழாநெல்லி என்று நாம் சொல்லும் ஃபில்லாந்தஸ் அமாரஸின் காய் வழவழப்பாகச் சின்னக் காம்போடு தொங்கும், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியான ஃபில்லாந்தஸ் உரினாரியாவின் காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். பொடியாக்கிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். முழுச் செடியாக வாங்கி உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தில் ஒரு மாதிரி கொடுத்து எண் வாங்குங்கள்.

சும்மா_வந்தவன்:
இதைத்தான் சென்னையில் 1988லேயே நிரூபித்துவிட்டார்களே, எலி பாவம்!

ஈரல்வாசி:
அது ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் செய்தது. லான்செட் மருத்துவ இதழில் வந்தது, கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் ஆன்டிஜென் (கிருமி இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது, டம்மி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் பாராசிட்டமால் கதை வேறு.

குடுவை_தம்பி:
நன்றி அண்ணா, சிஎம்சிக்கே மாறிவிடுகிறேன். செடி கடையில் வாங்கிய பொடிதான், அக்கா திட்ட வேண்டாம், புதிதாகப் பறிக்கிறேன். குழுவைக் கூட்டினால் எத்திக்ஸ் கமிட்டிக்கு மறுபடி எழுத வேண்டுமே, அதைக் கைடிடம் எப்படிச் சொல்வது?