தரம் 4: எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு எப்படிச் செய்வது?

படுவான்கரை ரீச்சர்:
மட்டக்களப்பு, பட்டிப்பளைப் பக்கம். ஆறு பிள்ளைகள் எழுத்துகளைத் தனித்தனியே சொல்கிறார்கள், சொல்லாகச் சேர்க்க வரவில்லை. கெ, கே வந்தால் நின்றுவிடுகிறார்கள். கையில் ஒரு அன்ட்ரொயிட் போன், பழைய லப்டொப், மெமரி கார்ட் போடும் சின்ன ஸ்பீக்கர். சிக்னலை நம்ப முடியாது. பாடப்புத்தகப் பந்திகளைப் பதிந்து கொடுத்தால் போதுமா?

விசேட கல்வி, அக்கரைப்பற்று:
போதாது ரீச்சர். பந்தியைப் போட்டுவிட்டால் பிள்ளை கேட்கும், வாசிக்காது. சத்தம் ஓடும்போது கண் எழுத்தில் இருக்கவேண்டும். ஒரு பதிவுக்கு 40–50 சொல் எடுங்கள். ஒரு வசனம் வாசித்ததும், அதற்கு எடுத்த நேரத்தின் ஒன்றரை மடங்கு மௌனம் விடுங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை விரல் வைத்துத் தானே வாசிக்கட்டும். மூன்று முறை இப்படி, நான்காம் முறை ஒலி இல்லாமல்.

இரண்டாம் நாளே கடகடவென்று ஒப்புவிப்பார்கள். அது மனப்பாடமாகவும் இருக்கலாம். அதே பந்தியில் பத்துச் சொல்லை மட்டையில் எழுதிக் குலைத்துக் காட்டுங்கள், தெரிந்துவிடும்.

தனி எழுத்தைப் பதியவேண்டாம். கல், மகன், பங்கு மூன்றிலும் ஒரே ‘க’தான், சத்தம் மூன்று. கெ, கே சிக்கல் வேறு: பார்க்கையில் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. பிள்ளை தடுமாறுவது நியாயம்தான். கெடு–கேடு, பெறு–பேறு, தொடு–தோடு, கொடு–கோடு என்று சோடிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பதிவில் சோடிக்கு ஒன்றை மட்டும் சொல்லி மூன்று செக்கன் விடுங்கள். கேட்ட சொல்லைப் பிள்ளை வட்டமிடட்டும்.

ஒலிப்பதிவு, கல்முனை:
லப்டொப்பில் ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் போடுங்கள், இலவசம். பதிய இணையம் தேவையில்லை. மொனோவில் (ஒற்றைத் தடத்தில்) பதியுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சு மோதி வெடிக்கும்.

முதல் ஐந்து செக்கன் பேசாதீர்கள். பிறகு அந்தத் துண்டைத் தெரிவுசெய்து நொய்ஸ் ரிடக்‌ஷனில் புரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுத்து, முழுப் பதிவிலும் அந்த இரைச்சலை 12 டெசிபல் குறையுங்கள். அதிகம் கூட்டினால் குரல் தண்ணிக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். ஃபேன் சத்தம் ஒரே சீரானது, போய்விடும். கச்சான் காற்று அள்ளி அடிப்பதும் தகரத்தில் மழை விழுவதும் போகாது, அந்த நேரத்தில் பதியவேண்டாம்.

பதிந்தபின் டெம்போவை (வேகத்தை) குறைத்து இழுத்தால் ட், க் சிதறும். வாசிக்கும்போதே நிதானமாக வாசியுங்கள். புத்தகத்தில் ‘போகிறான்’ இருக்க, வாய் பழக்கத்தில் ‘போறான்’ என்றுவிடும். பிள்ளையின் விரல் ‘கி’யில் நின்றுவிடும், அடுத்த வசனமும் தவறிப்போகும். பதிவைப் புத்தகத்தோடு ஒருதரம் ஒத்துப்பாருங்கள்.

எம்.பி.3, 64 கிலோபிட், மொனோ என்றால் ஒரு நிமிடம் அரை மெகாபைட்டுக்குள் அடங்கும். பல மலிவு ஸ்பீக்கர்கள் கொப்பி பண்ணிய ஒழுங்கிலேயே பாடும். 001, 002 என்று பெயரிட்டு ஒவ்வொன்றாகக் கார்டில் போடுங்கள்.

படுவான்கரை ரீச்சர்:
மிக்க நன்றி. வேர்டில் அடித்த பந்திகள் நிறைய இருக்கின்றன. அவற்றை மெஷின் குரலில் வாசிக்கவிடலாமா?

தட்டச்சு, திருக்கோவில்:
எந்த எழுத்துருவில் அடித்தது? பாமினி என்ற பழைய எழுத்துரு என்றால் திரையில் ‘அம்மா’ தெரியும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மெஷின் அதைத்தான் வாசிக்கும். முதலில் யூனிகோட்டுக்கு (தமிழைத் தமிழாகவே பதியும் முறைக்கு) மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பு வரும் சொற்களைக் கண்ணால் பாருங்கள். எட்ஜ் உலாவியில் இலங்கைத் தமிழ்க் குரல்கள் உண்டு, குமார், சரண்யா என்று. அவற்றுக்கு இணையம் வேண்டும். போனில் கூகுள் குரலை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வாசிக்கும், ஆனால் இந்திய உச்சரிப்பு.

விசேட கல்வி, அக்கரைப்பற்று:
சொற்பட்டியலுக்கு மெஷின் சரி. பந்திக்கு உங்கள் குரலே நல்லது ரீச்சர், வசனத்தை எங்கே நிறுத்துவது என்பதைப் பிள்ளை அதில்தான் பிடிக்கும். ஸ்பீக்கருக்கு ஆறு பேரையும் ஒன்றாக இருத்தாதீர்கள், முந்துகிற ஒருவரின் வாயைப் பார்த்து மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டிரண்டு பேராக, பத்து நிமிடம்.