ஐந்து வகை நவுனும் தெரியும், வாக்கியம் மட்டும் தவறுகிறது

வேப்பம்பூ (கேள்வி)
ஆங்கில நவுனில் (பெயர்ச்சொல்) பிராப்பர் (தனி ஒன்றின் பெயர்), காமன் (பொதுப்பெயர்), கலெக்டிவ் (கூட்டத்தின் பெயர்), மெட்டீரியல் (பொன், மரம் போன்ற மூலப்பொருளின் பெயர்), அப்ஸ்ட்ராக்ட் (கருத்தின் பெயர்) என்று ஐந்து வகையும் மனப்பாடம். ஆனால் 'டீம்' காமனா கலெக்டிவா என்று கேட்டால் குழப்பம் வந்துவிடுகிறது. 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' இரண்டும் தவறு என்கிறார்கள். நாற்காலி, மேசையை எண்ண முடிகிறதே, பிறகு ஏன்? வகைகளை எப்படிப் படித்தால் எழுதும்போது கைகொடுக்கும்?

மைக்கூடு
அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று சேராத வகைகளாக நினைப்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். தனி ஒன்றுக்கு இட்ட பெயரா, பொதுப்பெயரா? புலனுக்கு எட்டும் பொருளா, வெறும் கருத்தா? ஆங்கிலத்தில் எண்ணப்படுகிறதா, இல்லையா? 'டீம்' பொதுப்பெயர்தான், எண்ணவும் படும். பலர் சேர்ந்த கூட்டத்தைக் குறிப்பதால் கலெக்டிவும்கூட. இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

முதல் கேள்வியின் விடை பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று சொல்லும். மூன்றாவதுதான் வாக்கியத்தையே ஆளுகிறது: முன்னால் 'எ' வருமா, கடைசியில் 'எஸ்' வருமா, 'மெனி'யா 'மச்'சா, வினை ஒருமையா பன்மையா, எல்லாம் அதைப் பொறுத்தது. உழைப்பை அங்கே போடுங்கள்.

'ஃபர்னிச்சர்' என்பது நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் மொத்தமாகச் சுட்டும் சொல். 'சேர்' எண்ணப்படும், 'ஃபர்னிச்சர்' எண்ணப்படாது. 'பேக்' - 'லக்கேஜ்', 'மெஷின்' - 'மெஷினரி', 'காயின்' - 'மணி' என்று இதே ஜோடிகள் நிறைய. எண்ணிச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. 'எஸ்' சேர்வது 'பீஸ்' என்ற சொல்லோடு மட்டும்.

அடிக்கடி பார்க்கும் அரைத் திருத்தம் ஒன்று உண்டு: 'எஸ்'ஸை எடுத்துவிட்டு 'மெனி இன்ஃபர்மேஷன்', 'தீஸ் இன்ஃபர்மேஷன்', 'அன் அட்வைஸ்' என்று விட்டுவிடுவது. 'திஸ் இன்ஃபர்மேஷன் இஸ்', 'எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன்', 'சம் அட்வைஸ்' என்று சுற்றியிருக்கும் சொற்களும் மாற வேண்டும்.

ஓலைச்சுவடி
மேலே சொன்னதோடு ஒன்று: பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கும். 'ஷீ ஹேஸ் லாங் ஹேர்' என்றால் தலைமுடி மொத்தமும். 'தேர் இஸ் எ ஹேர் இன் த சூப்' என்றால் ஒற்றை மயிரிழை. 'ஐயர்ன்' உலோகம், 'அன் ஐயர்ன்' துணி தேய்க்கும் பெட்டி. 'ரூம்' இடவசதி, 'எ ரூம்' அறை. வேலைக்கு விண்ணப்பிப்பவர் கவனிக்க வேண்டியது 'எக்ஸ்பீரியன்ஸ்': பணி அனுபவத்துக்கு 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. 'மெனி எக்ஸ்பீரியன்சஸ்' என்று எழுதினால் வாழ்க்கையில் நடந்த பல சம்பவங்கள் என்றாகிவிடும்.

அப்ஸ்ட்ராக்ட் என்றாலே எண்ணக்கூடாது என்பதும் தவறான பாடம். 'ஐடியா', 'பிராப்ளம்', 'மிஸ்டேக்' எல்லாமே கருத்துகள்தான், தாராளமாக எண்ணலாம். சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறங்கள். பொருளுக்குப் பொருள் 'சி' அல்லது 'யு' என்று குறித்திருக்கும்: 'சி' எண்ணப்படும், 'யு' எண்ணப்படாது.

தும்பை
நம் இலக்கணத்தின் அறுவகைப் பெயரை அப்படியே பொருத்திப் பார்ப்பவர்களும் இங்கே தடுமாறுவார்கள். குணப்பெயர் ஏறக்குறைய அப்ஸ்ட்ராக்ட். சினைப்பெயருக்கு ஆங்கிலத்தில் தனி வகையே கிடையாது. கை, இலை எல்லாம் காமன் நவுன். காலப்பெயர் இரண்டாகப் பிரியும்: கிழமையும் மாதமும் பிராப்பர் நவுன், பெரிய எழுத்தில் தொடங்கும், 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவங்கள் சின்ன எழுத்து.

தமிழில் 'பத்து மாடு' என்று 'கள்' இல்லாமலே சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'டென் கௌ' என்று வந்துவிடும். அங்கே 'கௌஸ்' கட்டாயம்.

வேப்பம்பூ
தெளிவாகிவிட்டது, மூவருக்கும் நன்றி. 'டீம்' வந்தால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா?

மைக்கூடு
அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் 'இஸ்'தான். பிரிட்டிஷ் வழக்கில் இரண்டும் உண்டு: குழுவை ஒன்றாகப் பார்த்தால் 'இஸ்', உறுப்பினர்களைத் தனித்தனி ஆட்களாக நினைத்தால் 'ஆர்'. 'போலீஸ்' மட்டும் இரண்டு வழக்கிலும் 'ஆர்'. தேர்வில் எழுதும்போது எதை எடுத்தாலும் வாக்கியம் முடியும்வரை அதையே பிடியுங்கள். 'த கமிட்டி ஹேஸ் சப்மிட்டட் இட்ஸ் ரிப்போர்ட்' சரி. 'ஹேஸ்' என்று தொடங்கி 'தேர் ரிப்போர்ட்' என்று முடித்தால் ஒருமையும் பன்மையும் மோதும்.